பச்சை எஞ்சினுக்குச் சிவப்புப் பட்டை

மூச்சு விட்டால் பறந்துவிடும். தையல் நூல் அகலத்தில் ஒரு பட்டை, ஒரு அரிசி நீளம், ஒரு பக்கம் பசை, மறுபக்கம் கண்ணுக்கே தெரியாத பொடிக் கண்ணாடி மணிகள், அதை இடுக்கியின் நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறேன், என் பெண்டாட்டி தமயந்தி இந்நேரம் சேலத்தைத் தாண்டியிருப்பாள். தாண்டியிருக்க மாட்டாள். அவள் ஓட்டுகிற கூட்ஸ் வண்டிக்கு நேரம் என்று ஒன்று உண்டா என்ன, பின்னால் வருகிற எக்ஸ்பிரஸ்களுக்கெல்லாம் வழிவிட்டு எங்காவது ஒதுங்கி நிற்கும், மகுடஞ்சாவடியில் நிற்கலாம், அவள் சிக்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம், தண்ணீர் குடித்திருப்பாளா, பாட்டிலைப் பைக்குள் வைத்தேனா, வைத்தேன், இல்லை அது சமையல் மேடையிலேயே இருக்கிறதோ, எழுந்து போய்ப் பார்க்கலாம், எழுந்தால் பட்டை போய்விடும். முதலில் பட்டை. பொம்மை எஞ்சினின் முகத்தில், பெட்டியோடு முட்டுகிற இரண்டு பஃபர்களுக்கும் மேலே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வைத்திருக்கிறேன், அதன் மேல் மிதக்கவிட்டால் இப்படி அப்படி நகர்த்த முடியும், தண்ணீர் உலர்வதற்குள் நேராக்கிவிட வேண்டும், உலர்ந்த பிறகு கை வைத்தால் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வரும். மெல்ல. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். காது குடைகிற பஞ்சுக் குச்சியால் ஓரத்தில் ஒற்றியெடுக்கிறேன். உட்கார்ந்துவிட்டது. மூச்சை விட்டுவிட்டு இங்கிருந்தே எட்டிப் பார்க்கிறேன், மேடையில் பாட்டில் இல்லை, எடுத்துப் போயிருக்கிறாள்.

இந்த எஞ்சின் கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டருடையது. ஒரு சாண் நீளம் இருக்கும். வீட்டு மாடியில் ஒரு அறை முழுக்கத் தண்டவாளம் போட்டு, பாலம் கட்டி, மலை கட்டி, பிளாட்பாரத்தில் எறும்பு அளவு ஆட்களைக்கூட நிற்க வைத்திருக்கிறார் அந்த மனிதர். கடையில் வாங்குகிற எஞ்சின் புதுப் பொம்மையாகப் பளபளக்கும், அதற்கு அழுக்கும் துருவும் எண்ணும் கைப்பிடியும் வைத்து நிஜமாக்கி அனுப்புவதுதான் என் தொழில். ஈரோட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்னறையில் இப்படி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "சென்னியப்பன் சார், லைட்டை அணைச்சுட்டு டார்ச் அடிச்சா பட்டை மின்னணும் சார். அப்படியே நெஜம் மாதிரி. ஆனா நல்லா பளபளன்னு இருக்கட்டும்" என்று போனில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். நிஜத்தில் எந்த எஞ்சினில் பட்டை பளபளவென்று இருக்கிறது, பாதிக்கு மேல் கரி படிந்து, ஓரம் உரிந்து, மழை வழிந்த கோடு விழுந்துதான் இருக்கும். லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்டிக்கரை முதலில் வெட்டிப் பார்த்தேன், அதன் தேன்கூட்டுக் கட்டம் ஒவ்வொன்றும் இந்த எஞ்சினுக்கு ஜன்னல் அளவு தெரிந்தது. பிறகு தண்டவாள ஆட்கள் போடுகிற சட்டையில் வரும் பட்டை மாதிரி ஒரு மெல்லிய சுருள் வாங்கினேன், அது சரி வந்தது, ஆனால் வழக்கம்போல எல்லாம் ஒட்டிவிட்டு மேலே மங்கல் வார்னிஷ் அடித்தேனா, ஒளி செத்துப் போய்விட்டது, கண்ணாடி மணிகள் வார்னிஷுக்குள் மூழ்கிவிட்டன. அதனால் இப்போது தலைகீழ். முதலில் அழுக்கு, அப்புறம் வார்னிஷ், கடைசியில்தான் பட்டை, பட்டையின் மேல் தொட்டும் தொடாமல் கரிப்பொடி. இந்தப் பட்டைக்கு ஒரு குணம் உண்டு, வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும், டார்ச் பிடித்திருப்பவனுக்குத்தான் அது எரிவது தெரியும், பக்கத்தில் நிற்கிறவனுக்கு வெறும் சாம்பல் கோடு. போனின் டார்ச்சை நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். எரிகிறது. டார்ச்சைக் கையை நீட்டிப் பிடிக்கிறேன். ஒன்றுமில்லை. மறுபடி நெற்றிப்பொட்டில் வைக்கிறேன். இருக்கிறது.

டார்ச் இல்லாமல் எனக்கு இது தெரியாது, சிவப்புப் பட்டை, பச்சை எஞ்சின். மற்றவர்களுக்குக் கண்ணைப் பறிக்குமாம். எனக்குப் பச்சையில் சிவப்பு வைத்தால் சேற்றில் சேறு. சேலத்தில் ரயில்வே பரீட்சைக்குப் படித்த வகுப்பில் தமயந்தி எனக்கு முன் பெஞ்ச், இரண்டு பேரும் எழுதினோம், இரண்டு பேரும் பாஸ், இரண்டு பேரையும் ஒரே நாளில் கண் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு புத்தகத்தை விரித்தார் டாக்டர் அம்மா, வட்டத்துக்குள் நிறைய நிறையப் புள்ளிகள், நடுவில் என்ன எண் என்று கேட்டார், நான் புள்ளிகளைப் பார்த்தேன், ஆற்று மணலில் கூழாங்கல் கிடக்கிற மாதிரி அழகாகத்தான் இருந்தது, எண் எங்கே இருந்தது. அடுத்த பக்கம். அடுத்த பக்கம். அந்த அம்மா பக்கத்தைத் திருப்புவதை நிறுத்தியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே டீக்கடையில் நின்றேன், கூட வந்தவர்கள் எல்லாம் அந்த பஸ் என்ன நிறம், அந்த போர்டு என்ன நிறம் என்று சோதித்துப் பார்த்தார்கள், பாவம் அவர்களுக்கும் வேறு என்ன பேசத் தெரியும். தமயந்தி மட்டும் டீயை முழுக்கக் குடித்துவிட்டு, "என் சுடிதார் உனக்கு என்ன கலராத் தெரியுது" என்றாள். சேற்று நிறம் என்றேன். "எனக்கும் இது புடிக்கல" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது என்று வைத்துக்கொள்ளலாம், தாலி பிறகு கட்டியது. அவள் எஞ்சினில் ஏறினாள், உதவி ஓட்டுநர், பிறகு கூட்ஸ் ஓட்டுநர். நான் அவள் சொல்லச் சொல்ல எஞ்சின் செய்தேன். ஆட்கள் முன்னால் "ஏனுங்க" என்பாள், வீட்டுக்குள் "சென்னி". பெயின்ட் டப்பாக்களின் மூடியில் அவள் கையெழுத்து, பச்சை, சிவப்பு, துரு, ஒன்றில் மட்டும் 'உன் சேறு'. அடுத்த பட்டை. மூச்சு.

வளைந்துவிட்டது. எடுத்துவிட்டு மறுபடி. தமயந்தியின் வண்டியில் அடிபட்ட அந்த ஆளும் சிவப்புச் சட்டை என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது, பேப்பரில் வந்ததா, இல்லை நானே வைத்துக்கொண்டேனா. சித்திரை மாதம், வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம், சேலத்துக்கு அந்தப் பக்கம் மலையை ஒட்டி ஒரு வளைவு, வளைவு திரும்பியதும் தண்டவாளத்தின் நடுவில் ஒரு ஆள் நடந்து போய்க்கொண்டிருந்தார். ஹாரன், பிரேக், எல்லாம் அவள் செய்தாள், கூட்ஸ் வண்டி, அத்தனை பெட்டி, அத்தனை சுமை, நினைத்த இடத்தில் நிற்கிற பிராணியா அது. வண்டி நின்ற பிறகும் அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லையாம், கூட இருந்தவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாராம். விசாரணையில் எல்லாம் சொன்னாள், அவள் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். என்னிடம் ஒரே வாக்கியம்தான். கதவைத் திறந்தேன், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "அவரு திரும்பிப் பாத்தாரு சென்னி" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் இந்த வீட்டில் ஒரு ஆளைப் போல இருந்தது, நாங்கள் சாப்பிடும்போது கூட உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தார் என்றால் பார்த்தார். பார்த்தவர் ஏன் நகரவில்லை. நகர நேரமில்லையா, நகர வேண்டாம் என்றா. சத்தம் கேட்டுத் திரும்பியிருந்தால் அவருக்குச் சாக மனமில்லை என்று அர்த்தம், அப்படியானால் ஐயோ. வண்டி எப்போது வரும் என்று திரும்பியிருந்தால், அப்படியானாலும் ஐயோ. எந்தப் பக்கம் போனாலும் அந்த முகத்தில்தான் முட்டிக்கொள்கிறேன், நான் பார்க்காத முகம், அவள் பார்த்த முகம். பட்டை இன்னும் கொஞ்சம் கீழே. கைப்பிடிக்குக் கீழே வர வேண்டும், மேலே இல்லை.

கைப்பிடிக்குக் கீழே என்று சொன்னதே அவள்தான். அதுதான் இன்று முழுக்க என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது. அந்த விபத்துக்குப் பிறகு அவளுக்கு ஆபீஸில் நாற்காலி வேலை கொடுத்திருந்தார்கள், ஓட்டுநர்களுக்கு வண்டி ஒதுக்குகிற இடத்தில், போவாள், வருவாள், எஞ்சின் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, நான் இந்த அறைக் கதவைச் சாத்தியே வேலை செய்தேன், அவள் வருகிற சத்தம் கேட்டால் எஞ்சின் மேல் துணியைப் போட்டேன். போன வாரம் துணியைப் போட மறந்தேன். காபியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவள் நின்றாள். துணியை எடுக்கக் கை நீட்டினேன். காபியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், மூக்கு எஞ்சினைத் தொடுகிற அளவு. பிறகு, "தப்பா ஒட்டியிருக்கற. பட்டை கைப்பிடிக்குக் கீழ வரும். மேல இருந்தா ஏறி எறங்கறப்பக் கை பட்டு உரிஞ்சுரும்ல" என்றாள். "அப்படியா" என்றேன். "எஞ்சின்ல எப்படி ஏறறதுன்னு நீ பாத்ததே இல்லியா" என்றாள், சிரிக்கிற மாதிரி ஒன்று வந்து போனது. "எத்தனை தடவை ஏறியிருக்கேன் நானு" என்றாள். இதைச் சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள், கம்பியைப் பிடித்து ஏறுகிற கை. மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து, மறுபடியும் வண்டிக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன் என்றாள். நான் என்ன சொன்னேன், சரி என்றேன். ஒரு பொம்மைக்கு ஒரு பட்டையைத் தப்பாக ஒட்டி என் பெண்டாட்டியை நானே எஞ்சினில் ஏற்றிவிட்டேனா. சரியாக ஒட்டியிருந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருப்பாளா. போயிருந்தால் நல்லதா. இன்று காலையில் யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நிற்காமலேயே கிளம்பினாள், கேட்வரை போனேன், "நீ போன் பண்ணாத, நானே பண்றேன்" என்றாள். அதனால் போன் மேஜை மேல் மல்லாந்து கிடக்கிறது, டார்ச்சுக்கு எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

யாரோ கேட்டைத் திறக்கிறார்கள். மனசு ஒரு துள்ளு துள்ளி அடங்குகிறது, மரகதக்கா, பக்கத்துக் குவார்ட்டர்ஸ். கையில் தட்டு, அதன் மேல் வாழையிலைத் துண்டில் போளி. "கண்ணு, ஒப்பிட்டு போட்டேன், சூடா இருக்குது, ரெண்டு வெச்சிருக்கேன்." உள்ளே வந்து மேஜையைப் பார்க்கிறார், எஞ்சினைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "இத்துனூண்டு கோட்டையா இத்தன நேரமா ஒட்டற? கண்ணு போயிருமே கண்ணு." நல்ல வேளை, அது ஏற்கெனவே போனதுதான் என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லவில்லை. நாற்காலியின் நுனியில் உட்காருகிறார். "தமயந்தி வண்டிக்குப் போயிட்டாளாமா? எங்கூட்டுக்காரர் சொன்னாரு." ஆமாங்க்கா என்கிறேன். "நீ எப்படிக் கண்ணு வுட்ட?" கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் புள்ள ராத்திரியில எந்திரிச்சு வாசல்ல உக்காந்திருக்கும், நான் பாத்திருக்கறேன். ஆபீஸ்லயே இருந்திருக்கலாமல்லோ. நீ வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா கேக்க மாட்டாளா?" கேட்பாள் என்கிறேன். "அப்பறம்?" "கேப்பாக்கா. அதனாலதான் சொல்லல" என்று வருகிறது வாயில், வந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது அது நிஜம் என்று. மரகதக்கா எழுந்து, என் தோளில் கை வைத்து, "ஆறிரும், திண்ணு" என்கிறார். ஒப்பிட்டைச் சொல்கிறாரா, மற்றதைச் சொல்கிறாரா. கேட் சாத்துகிற சத்தம். எப்படி வுட்ட. வுட்டேனா. விடுகிறதுக்கு அவளை யார் என் கையில் கொடுத்தார்கள், கயிறா கட்டியிருந்தது, அவள் பரீட்சை எழுதினாள், அவள் கண் புள்ளிக்குள் இருந்த எண்ணைப் பார்த்தது, அவள் ஏறினாள், அவள் இறங்கினாள், அவள் ஏறியிருக்கிறாள். எப்படி வுட்ட. ஒப்பிட்டைப் பிய்த்து வாயில் போடுகிறேன், தேங்காயும் வெல்லமும், இன்னொன்றை மூடி வைக்கிறேன், அவள் நாளைக்குத்தான் வருவாள், நாளைக்கு அது கெட்டுப் போயிருக்கும், இருந்தாலும் மூடி வைக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, ஓட்டின் மேல் முதலில் நாலு கல் எறிந்துவிட்டுப் பிறகு மொத்தமாக இறங்குகிறது. அங்கேயும் பெய்யுமா. மலைப்பக்கம் இன்னும் கூடத்தான் பெய்யும். கண்ணாடியில் துடைப்பான் ஓடும், தண்டவாளம் தெரியும், தெரியும், நல்ல விளக்கு. மழையில் ஒரு ஆள் குடை பிடித்து நடந்தால் திரும்பிப் பார்ப்பாரா, குடை மறைக்கும், நிறுத்து. நிறுத்து. பட்டை. இருட்டிக்கொண்டு வந்துவிட்டதால் மேஜை விளக்கைப் போட்டுக்கொள்கிறேன், விளக்கின் சூட்டில் சோப்புத் தண்ணீர் சட்டென்று காய்கிறது, அவசரப்படுகிறேன், அவசரப்பட்டதில் இடுக்கி வழுக்கிப் பட்டை எங்கோ போய்விட்டது. மேஜையில் இல்லை. மடியில் இல்லை. தரையில் உட்கார்ந்து போனின் டார்ச்சை நெற்றிப்பொட்டில் வைத்துத் தேடுகிறேன், சிவப்பு நிறத் தரை, சிவப்புப் பட்டை, கவிழ்ந்து கிடந்தால் மின்னவும் மின்னாது, அதற்கு மேல் என் கண். கட்டிலுக்கு அடியில் தூசி, அவளுடைய ஹேர்பின் ஒன்று, பழைய செருப்பு. தரையில் கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன், குளிர்ச்சியாக இருக்கிறது. இங்கேயே இப்படியே கொஞ்ச நேரம் படுத்திருக்கலாம் போலிருக்கிறது. அவள் இப்போது அந்த வளைவில் இருப்பாள். எனக்கு எப்படித் தெரியும், தெரியாது, ஆனால் உடம்பு முழுக்க அது நடந்துகொண்டிருக்கிறது, இடப்பக்கம் மலை, வலப்பக்கம் சரிவு, எஞ்சின் திரும்புகிறது, அவள் கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள், அந்த முகம் அங்கேயே நிற்கிறது, அவளுக்காகவே இத்தனை மாதம் நின்றிருக்கிறது, அவள் அதைப் பார்த்தால் என்ன செய்வாள், பிரேக்கைப் போட்டுவிடுவாளா, அழுவாளா, கூட இருக்கிற உதவி ஓட்டுநர் ஷாஜி நல்ல மனிதராம், மலையாளி, பொறுமைக்காரராம், அவருக்குத் தெரியுமா, அவளுக்குத் தண்ணீர் கொடுப்பாரா. கடவுளே, யாரும் நடக்க வேண்டாம். இன்றைக்கு மட்டும் யாரும் அந்த வழியாக நடக்க வேண்டாம், எல்லோரும் வீட்டில் இருங்கள், மழைதான் பெய்கிறதே, ஒரு டீ போட்டுக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

காதுக்குப் பக்கத்தில் தரை அதிர்கிறது. போன். தமயந்தி. எழுந்து உட்காரவும் தோன்றாமல் படுத்தபடியே எடுக்கிறேன். "சென்னி." "சொல்லு." "ஜோலார்பேட்டை வந்துட்டேன். ரன்னிங் ரூம்ல இருக்கேன்." ஓட்டுநர்கள் தங்குகிற அந்தக் கூடத்தின் இரைச்சல் அவள் குரலுக்குப் பின்னால் கேட்கிறது, தட்டுகள், யாரோ யாரையோ கூப்பிடுவது. "நல்லா வந்தியா?" "ம்." பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம், தண்ணீர் குடிக்கிறாள். "சென்னி, அந்த எடம் இருக்கில்ல." "ம்." "சேலம் தாண்டுனதுலருந்து பாத்துட்டே வந்தேன். இப்ப வரும், இப்ப வரும்னு. கையெல்லாம் வேர்த்துப் போச்சு. ஷாஜிகிட்டச் சொல்லல. வளைவு வந்துச்சு, இன்னொரு வளைவு வந்துச்சு. மழைக்கு ரெண்டு பக்கமும் மொளச்சுக் கெடக்குது, ஒரே பச்சை, ஆள் ஒசரத்துக்கு. பாத்துட்டே இருக்கேன், ஸ்டேஷன் வந்துருச்சு." குரல் உடைகிறது. "தாண்டிட்டேன், சென்னி. எந்த எடம்னே தெரியல. ஒரு மனுசன் செத்த எடம், எனக்கு அது தெரியாமயே போயிட்டேன். தப்பில்லயா அது?"

தப்பில்லை என்று சொல்லலாம், எல்லோரும் அவளுக்கு அதைத்தான் இத்தனை மாதமாகச் சொன்னார்கள், எழுதியே கொடுத்தார்கள். நீ அவரை மறக்கவில்லை, இடம்தான் மறந்துவிட்டது என்று சொல்லலாம், அது புத்திசாலித்தனமாக இருக்கும், அவளுக்குப் பிடிக்காது. தரையில் படுத்தபடி கூரையைப் பார்க்கிறேன், மழை கொஞ்சம் குறைந்திருக்கிறது. "நாளைக்கு அந்த வழியாத்தான திரும்பி வருவ" என்கிறேன், "வர்றப்பப் பாரு." சொல்லியிருக்கக் கூடாதோ, நாளைக்கு என்ற வார்த்தையை எடுத்திருக்கக் கூடாதோ. "வர்றப்பவும் தெரியலன்னா?" என்கிறாள். "அடுத்த தடவ." மூக்கை உறிஞ்சுகிறாள். பிறகு மெதுவாக ஒரு மூச்சு, அது சிரிப்பா என்னவென்று எனக்குத் தெரியவில்லை. "ஆமா," என்கிறாள், "எத்தனையோ தடவ போவணும்." யாரோ அவளை "மேடம், ரசம் தீரப் போகுது" என்று கூப்பிடுகிறார்கள், மலையாளம் கலந்த தமிழ், ஷாஜியாகத்தான் இருக்கும். "வெக்கட்டுமா?" என்கிறாள் என்னிடம். "வை" என்கிறேன். அவள் வைக்கவில்லை, போனை எங்கோ தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது, நாற்காலி இழுபடுகிற சத்தம், கரண்டி பாத்திரத்தில் முட்டுகிற சத்தம், "எனக்கும் ஊத்துங்க, இன்னும், சோறு முங்கற அளவுக்கு" என்று அவள் சொல்வது கேட்கிறது. நான் தரையில் படுத்தபடியே, அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.